இழப்பீடு கேட்கத் தயங்காதீர்கள்



பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் இந்நேரம் திரும்பியிருப்பீர்கள். பெரும்பாலானவர்களின் பயணம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் விக்கிரவாண்டியிலோ பரனூரிலோ சுங்கச்சாவடி நெருங்கும் இடத்தில் முன்னே போன வண்டி சட்டென்று நிற்க, பின்னே வந்த வண்டி மோத, பம்பர் தொங்கிய காரோடு வீடு வந்து சேர்ந்த குடும்பங்களும் உங்களில் இருக்கும். ஒவ்வொரு பண்டிகைக்குப் பிறகும் இந்தக் கதையைச் சொல்லிக் கடிதங்கள் வருகின்றன. அவற்றைப் படிக்கும்போது சேதத்தின் அளவைவிட எழுதுபவர்களின் குரல்தான் என்னை அதிகம் வருத்துகிறது. "சர்வேயர் மனசு வெச்சா ஏதாவது கிடைக்கும்னு சொல்றாங்க" என்று எழுதுகிறார்கள். வருடம் தவறாமல் பிரீமியம் கட்டிய மனிதர், தனக்குச் சேர வேண்டிய பணத்தை யாரோ போடும் பிச்சைபோல எதிர்பார்த்து நிற்கிறார். அதனால்தான் இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்கினேன்.

வண்டியைப் பற்றிப் பேசும் முன் மனிதர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது அடிபட்டிருந்தால் 108-ஐ அழைப்பதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் காத்திருக்கும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகள் பணம் கேட்காமல் தர வேண்டும். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. 2025 மே மாதம் மத்திய அரசும் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைக்கான திட்டத்தை அறிவித்திருக்கிறது. அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஓட்டுநரின் சட்டக் கடமை. வழியில் போன ஒருவர் உதவிக்கு வந்தால், அவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும், சாட்சிக்கு வந்தே ஆக வேண்டும் என்று யாரும் அவரை வற்புறுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. போலீஸ் கேஸுக்குப் பயந்து ஒதுங்கிப் போகும் காலம் இதோடு முடிய வேண்டும்.

யாருக்கும் அடியில்லை, வண்டிக்கு மட்டும்தான் சேதம் என்றால் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம். வண்டியை நகர்த்துவதற்கு முன் கைபேசியில் படம் எடுங்கள். நெருக்கத்தில் எடுத்த பம்பர் படம் மட்டும் போதாது. இரண்டு வண்டிகளும் சாலையில் நின்ற நிலை, இரண்டு நம்பர் பிளேட்டுகள், பிரேக் தடம் இவ்வளவும் தெரியும்படி தள்ளி நின்று எடுத்த படங்கள்தான் பிறகு பேசும். எதிர் வண்டிக்காரரின் கைபேசி எண்ணையும் பாலிசி விவரத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு அன்றைக்கே போன் செய்து, கிளெய்ம் எண்ணை வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, "ரோட்டிலேயே பேசி முடிச்சிடலாம் சார்" என்று ஒரு குரல் வரும். கீறலோடு போன விஷயமென்றால் பேசி முடிப்பதில் தவறில்லை. ஒரு மனிதருக்கு அடிபட்டிருந்தால் மட்டும் அதைச் செய்யவே செய்யாதீர்கள். இரண்டாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு "ஒண்ணும் இல்லைங்க" என்று எழுந்து போகும் பைக் ஓட்டியவருக்கு மறுநாள் காலையில்தான் முழங்கால் வீங்கும். அவருக்கும் அது அநியாயம், உங்களுக்கும் ஆபத்து. நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் தவற்றை ஒப்புக்கொண்டு பணம் தருவதாக வாக்களிக்கக் கூடாது என்பது பாலிசி நிபந்தனைகளிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட விபத்தைக் காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்துவிட வேண்டும். வண்டி நிலையத்தில் நின்றுவிடுமே என்று பயப்படுகிறார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து நடைமுறை முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பித் தர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அந்தப் பிரிவின் எண் 136. கேட்கும்போது எண்ணோடு கேளுங்கள்.

இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இனி வருவதைத்தான்.

விபத்து நடந்த அன்று மாலையே வீட்டுக்கு ஆலோசகர்கள் வந்துவிடுவார்கள். "பையன் ஓட்டினான்னு எழுதாதீங்க, நீங்க ஓட்டினதா எழுதுங்க." "ரெண்டு வண்டி மோதினதுன்னு போட்டா வம்பு, நாய் குறுக்க வந்து கம்பத்துல இடிச்சதாப் போடுங்க." "பழைய டென்டையும் இதுலயே சேர்த்துடலாம்." நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். ஒன்றையும் காதில் வாங்காதீர்கள். கிளெய்ம் படிவத்தில் பொய் எழுதும் அந்த நிமிடம் வரை சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, எழுதிய பிறகு அது நிறுவனத்தின் பக்கம் போய்விடும். யாராவது அடிபட்டு மருத்துவமனைக்குப் போனவுடன் அங்கே ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) போடுகிறார்கள். வண்டியில் யார் இருந்தது, என்ன நடந்தது என்று வலியோடு வந்தவர் சொன்னது அதில் அப்படியே ஏறிவிடும். சுங்கச்சாவடி கேமரா இருக்கிறது. கம்பத்தில் இடித்த பம்பர் உடைவதும் இன்னொரு வண்டியில் இடித்த பம்பர் உடைவதும் வேறு வேறு மாதிரி என்பது அனுபவமுள்ள சர்வேயருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். இதில் மனதுக்கு வேதனையான விஷயம் ஒன்று உண்டு. ஓட்டியவர் யார் என்று மாற்றி எழுதிய குடும்பங்களில் பலவற்றுக்கு அந்தப் பொய் தேவையே இருந்திருக்காது. முறையான உரிமம் உள்ள மகனோ மருமகளோ நண்பரோ உங்கள் அனுமதியோடு ஓட்டியிருந்தால் தனியார் கார் பாலிசியில் கிளெய்ம் தாராளமாகச் செல்லும். அது தெரியாமல், கிடைக்க வேண்டிய பணத்தைப் பொய் சொல்லி இழக்கிறோம்.

உரிமமே இல்லாத பதினேழு வயதுப் பையன் ஓட்டியிருந்தால் நிலைமை வேறு. பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு சொல்கிறது. அங்கே கிளெய்மைக் காப்பாற்ற ஒரு வழியும் இல்லை, இருக்கவும் கூடாது என்பது என் கருத்து. அதேபோல ஒயிட் போர்டு காரை வாடகைக்கு விட்டிருந்தபோது விபத்து நடந்தால் சொந்தச் சேதத்துக்கான கிளெய்ம் நிற்பது கடினம். தெரிந்தவர்தானே என்று திருப்பதிக்கோ சபரிமலைக்கோ பணம் வாங்கிக்கொண்டு வண்டி கொடுப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

பாலிசி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்து ஏமாறும் இடம் இன்னொன்று. கோவை எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளில் உயிர்கள் போவதைக் கண்டு பொறுக்காமல் 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் பிறந்த உத்தரவால், அந்த ஆண்டு செப்டம்பர் முதல் புதிய கார் வாங்கும்போதே மூன்று ஆண்டுக்கான தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயமானது. இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டு. அடிபடும் ஏழைக்கு இழப்பீடு இல்லாமல் போகக் கூடாது என்பதற்காக வந்த அருமையான ஏற்பாடு அது. ஆனால் உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் இருக்கும். பாலிசித் தாளில் மூன்று ஆண்டு தள்ளிய தேதியைப் பார்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டு புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இடித்த பிறகுதான் தெரிகிறது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களுக்கும் இதே கதி நேர்கிறது. ஆர்.சி. பெயர் மாற்றத்தோடு பாலிசியையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடந்தால் தேர்டு பார்ட்டி பகுதி உங்களோடு வரும், சொந்தச் சேதத்துக்கான பகுதி வராது.

இப்போது பணத்தின் கணக்கு. "முழுசா இன்ஷூரன்ஸ் இருக்கே, ஏன் கையிலிருந்து கட்டச் சொல்றாங்க?" என்ற கேள்விதான் கடிதங்களில் அதிகம். இதை நிதானமாகப் பார்ப்போம். சாதாரண பாலிசியில் மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்குப் பாதி. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து விகிதம் ஏறும். முதல் ஆறு மாதம் கழிவில்லை, இரண்டு வயது முடிந்து மூன்றாம் வயது நடந்தால் 15 சதவீதம், ஐந்தாம் வயதில் 35, பத்து வயதைத் தாண்டினால் 50. பெயின்டிங் செலவில் கால் பங்கைப் பெயின்டின் விலையாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். கூலிக்குக் கழிவு கிடையாது. இவ்வளவுக்கும் மேல், 1,500 சி.சி. வரையிலான காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் 1,000 ரூபாயும் அதற்கு மேற்பட்ட காருக்கு 2,000 ரூபாயும் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு.

ஐந்தாம் வயது நடக்கும் ஒரு சின்னக் காரை எடுத்துக்கொள்வோம். முன் பம்பர் 12,000, பானெட்டும் ஃபெண்டரும் 20,000, பெயின்டிங் 20,000, டிங்கரிங் கூலி 8,000 என்று 60,000 ரூபாய் பில் வருகிறது என்று வையுங்கள். பம்பரில் 6,000, இரும்பில் 7,000, பெயின்டில் 2,500 கழியும். உங்கள் பங்கு 1,000. ஆக 16,500 உங்கள் கையிலிருந்து, 43,500 நிறுவனத்திடமிருந்து. வரியையும் வேறு சில்லறைச் செலவுகளையும் விட்டுவிட்டுச் சொன்ன கணக்கு இது. இந்தக் கணக்கு தெரிந்தவரிடம் ஒர்க்‌ஷாப்பில் "உங்க பங்கு இருபத்தெட்டாயிரம்" என்று சொன்னால், எந்த வரியில் எவ்வளவு என்று அவர் உடனே கேட்பார். தெரியாதவர் ஏ.டி.எம்.முக்குப் போவார். ஜீரோ டெப் சேர்த்த பாலிசி என்றால் தேய்மானக் கழிவு பெரும்பாலும் இருக்காது. அந்தக் கூடுதல் பிரீமியம் முதல் ஐந்து வருடத்துக்கு வீண் செலவில்லை என்றே சொல்வேன்.

சின்னச் சேதத்துக்கு கிளெய்ம் போடலாமா? நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து ஆண்டில் 50 வரை ஏறும், ஒரு கிளெய்மில் அது போய்விடும். நிறுவனத்திடமிருந்து கிடைக்கும் தொகையையும் அடுத்த ஆண்டு கூடப்போகும் பிரீமியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இனி ஒர்க்‌ஷாப். சர்வேயர் பார்த்து முடிக்கும் வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சேதத்தை உரிமம் பெற்ற சர்வேயர்தான் மதிப்பிட வேண்டும். தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கிடைத்த ஏழு நாளுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் உத்தரவிட்டிருக்கிறது. அந்தத் தாள் இல்லை, இந்தத் தாள் இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. சர்வேயர் வரும்போது கூடவே நில்லுங்கள். மரியாதையாகப் பேசுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள், சந்தேகம் இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். முன்பக்கம் இடித்த வண்டியில் பம்பரைக் கழற்றிய பிறகுதான் ரேடியேட்டரும் ஏ.சி. கன்டென்சரும் நசுங்கியது தெரியவரும். அப்போது வேலையை நிறுத்திவிட்டு, கூடுதல் எஸ்டிமேட் போட்டு, சர்வேயரை மறுபடி அழைக்க வேண்டும். "பரவாயில்ல சார், நாங்க பார்த்துக்குறோம்" என்று தொடர்ந்துவிட்டால் அந்தத் தொகை உங்கள் தலையில்தான் விழும்.

சர்வேயர் டிங்கரிங் போதும் என்பார், ஒர்க்‌ஷாப் புதுசு போட வேண்டும் என்னும். இந்த இழுபறியில் நாம் வாய் திறக்காமல் நிற்பதுதான் வழக்கம். கதவின் மேல்தகட்டில் விழுந்த குழி என்றால் நல்ல டிங்கர் கையில் அது அழகாக நிமிர்ந்துவிடும். நம் ஊர்களில் அந்தக் கலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வண்டியைத் தாங்கும் சட்டகம், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், சீட் பெல்ட், ஏர்பேக் ஆகியவற்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். விபத்தில் ஒருமுறை இழுபட்டுத் தாங்கிய சீட் பெல்ட் அடுத்த முறை தாங்கும் என்று நம்பி உங்கள் பிள்ளையை அதில் உட்கார வைக்காதீர்கள்.

நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள ஒர்க்‌ஷாப்பில்தான் கேஷ்லெஸ் கிடைக்கும். உங்களுக்கு வழக்கமான மெக்கானிக்கிடம் விடவும் உரிமை உண்டு. முன்கூட்டியே நிறுவனத்திடம் சொல்லி, வரியோடு பில் வாங்கி, கழற்றிய பழைய பாகங்களைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும், செலவு செய்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். டெலிவரி எடுக்கும் நாளில் சாயங்காலம் போகாதீர்கள். பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் பெயின்டின் நிறம் ஒத்துப்போகிறதா என்று தெரியும். கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இடைவெளி இருபுறமும் ஒரே அளவா, நேர்ச் சாலையில் கையைத் தளர்த்தினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணைகிறதா என்று பார்த்த பிறகே திருப்திக் கடிதத்தில் கையெழுத்திடுங்கள். தொகையைப் பெற்றுக்கொண்டதாக நிறுவனம் கேட்கும் டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்திட்டதாலேயே, குறைந்த தொகையை எதிர்த்துக் கேட்கும் உரிமை போய்விடாது. ஆணையம் 2015-இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது.

பழுதுபார்க்கும் செலவு, பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' என்று கணக்கை முடிப்பார்கள். கடன் இருந்தால் பணம் முதலில் வங்கிக்குப் போகும். அப்போது நொறுங்கிய வண்டியை எடுத்துக்கொள்ள ஒருவர் வருவார், படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்வார், ஆர்.சி.யையும் கேட்பார். பெயர் மாறாமல் அந்த வண்டி ஒட்டவைக்கப்பட்டு மறுபடி ரோட்டுக்கு வந்து யாரையாவது இடித்தால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பெயர் மாறிவிட்டது, அல்லது பதிவு ரத்தாகிவிட்டது என்பதற்கான தாள் கைக்கு வரும் வரை விடாதீர்கள்.

உயிரிழப்போ பெரிய காயமோ நேர்ந்த வீடுகளுக்கு ஒரு வார்த்தை. வழி மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள சட்டம் சொல்வதால் துக்கத்தில் தள்ளிப் போடாதீர்கள். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி யாருடையது என்றே தெரியாவிட்டாலும் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு. ஓட்டிய உரிமையாளரே இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடும் பெரும்பாலும் பாலிசியில் இருக்கும். காருக்கு 2 லட்சமாக இருந்த அந்தத் தொகை, சென்னை உயர் நீதிமன்றத்தின் 2017-ஆம் ஆண்டு உத்தரவைத் தொடர்ந்து 2018-இல்தான் உயர்ந்தது. ஆனால் கார் அப்பா பெயரில் இருந்து மகன் ஓட்டினால் இந்தப் பாதுகாப்பு மகனுக்குக் கிடையாது. நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தானே? மகன் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள், தொகை அதிகமில்லை.

நிறுவனம் நியாயமாக நடக்கவில்லை என்று தோன்றினால், முதலில் அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை விசாரிக்கிறார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, நிராகரித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போனால் போதும். அவர் தரும் தீர்ப்புக்கு நிறுவனம் கட்டுப்பட வேண்டும். ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

இந்தப் பக்கத்தை மூடியதும் ஒரு காரியம் செய்யுங்கள். பீரோவில் இருக்கும் பாலிசியை எடுத்து, சொந்தச் சேதத்துக்கான பகுதி எந்தத் தேதியில் முடிகிறது, பெயர் யாருடையது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். முடிந்துபோயிருந்தால், வண்டியை எடுக்கும் முன் புதுப்பித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்